ஐந்தாவது விரல்

அறிவிப்புக்கு இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. மறுநாள் காலை பதினொன்றுக்கு ஆய்வகத் தலைவரான மேடம் பத்திரிகைக்காரர்களை அங்கே வரச் சொல்லியிருந்தார்.

மேசை மேல் அந்தக் கல் இருந்தது. கல்குவாரியில் மழைத்தண்ணீர் ஒரே வரிசையில் குழி குழியாகத் தேங்குவதைப் பார்த்துவிட்டு கிரேன்காரர் எங்களுக்குத் தகவல் சொன்னார். குழிகள் டைனோசரின் காலடிகள். ஒவ்வொன்றிலும் மூன்று விரல். ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரியவை. அவற்றில் இரண்டுக்கு நடுவே, என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு தடம். அதை மட்டும் அறுத்து எடுத்து வந்தோம்.

நான்கு விரல் என்றால் அது ஏதோ முதலைக்குட்டி. ஒரே அளவில் ஐந்து விரல் என்றால் பாலூட்டி. அந்த ராட்சதக் கால்களுக்கு நடுவே ஓடிப் பிழைத்த நம்முடைய தூரத்துச் சொந்தம். மேடம் பதினெட்டு வருடமாகத் தேடியது அந்த ஐந்தைத்தான்.

கல்லில் இப்போது ஐந்து இருந்தது.

சுத்தம் செய்தது நான். நுண்ணோக்கிக்குக் கீழே, ஊசியால், ஒன்பது நாள். தடத்தில் ஒட்டியிருந்த களிமண்ணும் பாறையும் ஒரே நிறம். எது இளகியது, எது கெட்டியானது என்று ஊசி முனைதான் சொல்லவேண்டும். தடம் இப்படி இருக்கும் என்று மேடம் பென்சிலால் வரைந்த படத்தை எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதில் ஐந்து விரல். ஆறாம் நாள் ஊசி ஓரிடத்தில் சுலபமாக இறங்கியது. நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். இறங்க விட்டேன்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

பிளாஸ்டர் அண்ணன். அச்செடுப்பது அவர் வேலை. எப்போதும் கையில் வெள்ளையாக ஏதாவது காய்ந்திருக்கும்.

"நாளைக்கு உன் போட்டோவும் பேப்பர்ல வரும். இப்பவே கொஞ்சம் சிரிச்சுப் பழகிக்கோ. திடீர்னு சிரிச்சா வாய் சுளுக்கிக்கும்."

"எனக்கு வேண்டாண்ணே."

"அது சரி, முதல் அச்சைப் பார்த்தியா? கண்ணாடிப் பெட்டியில வைக்க மேடம் கேட்டாங்க. மூணாவது டிராயர்ல வெச்சேன், காணோம்."

"பார்க்கலண்ணே."

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கல்லில் ஊசி படுவதற்கு முன்பே ரப்பர் ஊற்றி ஓர் அச்சு எடுத்துவிட வேண்டும். கல்லை எந்த நிலையில் கண்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. அண்ணன் சாவியை மேசைமேல் விட்டுச் சாப்பிடப் போன ஒரு மதியத்திலிருந்து, மூன்று நாளாக, அந்தச் சாட்சி என் கைப்பைக்குள் இருந்தது.

மாலை வீட்டில் அக்கா சீப்புக்காக என் பையைத் துழாவினாள்.

"என்னடி இது, செருப்புத் துண்டா?"

"கீழ வை அக்கா. ஆபீஸ் சாமான்."

வைக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கல்லின் பள்ளம் ரப்பரில் மேடாக நிற்கும்.

"அய்யோ, குட்டிக் காலு! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." விரலால் தடவினாள். "நாலுதானா? நீ அஞ்சுன்னுதானே சொன்னே?"

அச்சை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"படிச்சவ நீ. எனக்கு எண்ண மட்டும்தான் தெரியும்," என்று சீப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு அச்சைப் பார்த்தேன். நான்கு விரலுக்குப் பக்கத்தில், பழைய ஆற்றுநீர் விட்டுப்போன அலைக்கோடு ஒன்று அறுபடாமல் ஓடியது. அங்கே ஒரு விரல் அழுந்தியிருந்தால் கோடு அறுந்திருக்கும். கல்லில் இப்போது அறுந்துதான் இருந்தது.

கத்தரிக்கோல் எடுத்தேன். ரப்பர் எளிதாக வெட்டுப்பட்டது. அச்சின் ஓரத்தில் அண்ணன் எழுதியிருந்த தேதி வரை கத்தரி போயிற்று. அதற்குமேல் கை நகரவில்லை.

காலை பத்து இருபதுக்கு நாற்காலிகள் போட்டாகிவிட்டது. மேடம் குரலை உயர்த்துகிறவர் அல்ல. அன்று அண்ணனிடம் கேட்டபோதும் உயர்த்தவில்லை.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா மேடம். என் கையாலதான் வெச்சேன்."

"அப்புறம்? கால் முளைச்சு அதுவா நடந்து போயிடுச்சா?"

அண்ணன் சிரிக்கவில்லை. மூன்றாவது டிராயரை முழுசாக உருவித் தரையில் வைத்துவிட்டு, காலியான பொந்துக்குள் கையை விட்டுத் தேடினார். காலையிலிருந்து நான்காவது முறை.

"இத்தனை வருஷம் உங்களை நம்பினேன்," என்றார் மேடம். "இன்னைக்குப் பார்த்து இப்படி."

என் பையை எடுத்தேன். ஜிப்பைத் திறந்தேன். அச்சை மேசை மேல் வைத்தேன்.

"அட, உங்கிட்டயா இருந்துச்சு? சொல்லக் கூடாதா?" மேடத்துக்கு முகமெல்லாம் நிம்மதி. அதை எடுத்து விளக்கடியில் சாய்த்தார். உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து அசைந்தது.

வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"இதுல ஏன் நாலு இருக்கு?" மேடம் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார். "அச்சு சரியா விழலையோ?"

அண்ணன் அச்சைப் பார்த்தார், வெட்டுப்பட்ட ஓரத்தைப் பார்த்தார், பிறகு என்னை. அவர் அச்சு ஒன்றுகூட இதுவரை தவறியதில்லை.

"இருக்கும் மேடம்," என்றார். "பள்ளத்துல காத்து நின்னிருக்கும். என் தப்புதான்."

படிக்கட்டில் காலடிகள் ஏறி வந்தன. நான் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. பேசாமல் இருப்பது என் பிறவிக் குணம்.

"இல்ல மேடம்." குரல் யாருடையதோ போல இருந்தது. "அச்சு சரியாத்தான் விழுந்திருக்கு. கல்லுல நாலு விரல்தான் இருந்துச்சு. அஞ்சாவது விரலைத் தோண்டினது நான்."