பதினோராவது கையெழுத்து

2023 மார்ச் 9, வியாழக்கிழமை. தென் கொரியாவின் கிழக்குக் கடற்கரையில், சோங்பா துறைமுகத்துப் பழைய ஐஸ் ஆலையின் மாடி அறையில், சமூகப் படைப்பு மையங்களுக்கான பயிற்சியின் எட்டாவது வகுப்பு காலை பத்து மணிக்குத் தொடங்கியது. அதுதான் கடைசி வகுப்பு. வருகைத் தாளில் பதினொரு கையெழுத்துகள் இருந்தன. அறையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

முதலில் அதைக் கவனித்தவர் ஹேரான். வயது நாற்பத்து நான்கு. சியோலில் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மீன்களுக்கு ஐஸ் உடைத்த கூடத்தில் இரண்டு திரை அச்சு மேசைகளையும், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஓர் ஒலிப்பதிவு அறையையும் உருவாக்கி, ஊர்க்காரர்களை அங்கே வரவைத்தவர் அவர்தான். கட்டடம் நகராட்சிக்குச் சொந்தமானது. அரசு உதவி தொடரும்வரை வாடகை இல்லை. உதவி நின்றால் ஆலையை இடித்து வாகன நிறுத்துமிடம் கட்டுவார்கள். வரைபடம் ஏற்கெனவே தயார்.

இரண்டாம் ஆண்டு உதவி கிடைக்க நிபந்தனை ஒன்றுதான். மையத்தை நடத்தும் ஐந்து உள்ளூர்வாசிகள் எட்டு வகுப்புகளையும் முடித்திருக்க வேண்டும். ஐஸ் ஆலைக்காரர்கள் சரியாக ஐந்து பேர். மற்ற ஆறு பேர் பக்கத்துக் கிராமத்து மையத்தைச் சேர்ந்தவர்கள்.

தாளில் ஏழாவது வரியில் தொக்சூவின் பெயருக்கு எதிரே கையெழுத்து இருந்தது. ஆக்டோபஸ் பிடிக்கும் தொக்சூவின் நாற்காலி காலியாக இருந்தது. கையெழுத்தின் கடைசிச் சுழிப்பு, கருவாட்டுக் கடை ஓக்பூன் ரசீதில் போடும் அதே சுழிப்பு.

பத்தே முக்காலுக்குக் காபி இடைவேளை விட்டதும் ஹேரான் ஓக்பூனின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப் போனார்.

"அக்கா, அது நீங்க போட்டதா?"

"எது?"

"நடிக்காதீங்க. தொக்சூ அண்ணன் கையெழுத்து."

"ஆமா, நான்தான் போட்டேன்." அறுபத்தொரு வயது ஓக்பூன் காகிதக் கோப்பையை ஊதி ஒரு வாய் குடித்தார். "ஒன்பது நாளா காத்து. இன்னைக்குத்தான் கடல் அடங்கிச்சு. அவன் போவானா, இங்க உக்காந்து பதிப்புரிமை படிப்பானா? என் தம்பி மாதிரி அவன். ஒரு கையெழுத்துகூடப் போட மாட்டேனா?"

"விதிப் புத்தகம் படிச்சீங்களா? போலிக் கையெழுத்துக்கு மூணு வருஷம் தடை. விண்ணப்பமே போட முடியாது."

"யாரு பாக்கப் போறா?"

"முடிவுல பேனர் முன்னாடி போட்டோ எடுப்பாங்க. தலையை எண்ணித் தாளோட ஒப்பிடுவாங்க."

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு," என்றார் ஓக்பூன்.

அந்த ஏற்பாடு அப்போது படியேறி வந்துகொண்டிருந்தது. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, வெள்ளை முகக்கவசம் மாட்டிய ஓக்பூனின் கணவர். தொக்சூவைவிட ஒரு சாண் குட்டை.

"பின்வரிசையில நின்னாப் போதும்னா," என்றார் அவர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. "வகுப்பெல்லாம் கேக்க வேணாமே?"

"அண்ணே, நீங்க கடைக்குப் போங்க."

"கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்மா."

"போய்த் திறங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். ஓக்பூன் கோப்பையை ஊதினார். அவர் வந்த வழியே இறங்கிப் போனார்.

ஹேரான் தொலைபேசியை எடுத்தார். நான்காவது மணியில் தொக்சூ எடுத்தார். பின்னால் எஞ்சின் சத்தம்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"கடல்லதான். வேற எங்க, கல்யாண வீட்லயா?"

"இன்னைக்குக் கடைசி வகுப்பு."

"தெரியும். அக்கா பாத்துக்கிறேன்னாங்களே."

"அக்கா பாத்துக்கிட்ட லட்சணத்துக்குத்தான் கூப்பிடுறேன். பாதி வகுப்பாவது இருந்தா வருகைன்னு எடுத்துக்குவாங்க. ஒரு மணிக்கு முடியுது, அதனால பதினொன்றரைக்குள்ள அறையில இருக்கணும். முடியுமா?"

எஞ்சின் சத்தம் குறைந்தது.

"பொறி கட்டின கயிறு ரெண்டு வரிசை இன்னும் தண்ணியில கெடக்கு."

"மணி இப்பவே பத்து அம்பது, அண்ணே."

"சரி, திருப்புறேன். ஆனா அந்தக் குள்ளனை என் பேருல நிக்க வச்சிடாதீங்க. ஊரே சிரிக்கும்."

இடைவேளை முடிந்தது. ஒவ்வொருவரும் மையத்துக்கான தங்கள் திட்டத்தை ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். பயிற்சியை மேற்பார்வையிட வந்திருந்த சூயோன் மாகாண ஆதரவு மையத்தின் ஒப்பந்த ஊழியர். வயது இருபத்தொன்பது. கைப்பேசியில் ஐந்து நிமிடத்துக்கு மணி வைத்திருந்தார். அது அடித்ததும், பேசுபவர் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும், "நன்றி" என்றார். பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் பழைய பள்ளியில் மண்பாண்டச் சூளை வைப்பது பற்றிப் பேசினார். ஹேரான் சன்னல் ஓரம் உட்கார்ந்து அலைத்தடுப்புச் சுவரின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று இருபத்தைந்துக்கு அதைச் சுற்றி ஒரு நீலப் படகு உள்ளே வந்தது. துறைமுகத்துக்குள் வேகம் எடுக்கக் கூடாது. படகு ஊர்ந்தது.

பதினொன்றரை. ஓக்பூன் மேடையில் கருவாட்டுக் கடை மகளிர் அச்சிடப் போகும் துணிப்பைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். படகிலிருந்து ஒருவர் கரையில் குதிப்பது சன்னலில் தெரிந்தது. ஓக்பூன் பேசி முடித்து ஹேரானின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு மாடிப்படியில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஆரஞ்சு நிற மழைக் காற்சட்டையோடு தொக்சூ உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையில் தண்ணீர் சொட்டியது.

சூயோன் தாளைப் பார்த்தார். "பத்து மணிக்கே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, தொக்சூ சார். இவ்வளவு நேரம் கழிப்பறையிலயா இருந்தீங்க?"

அறை சிரித்தது. தொக்சூ ஈரத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஓக்பூன் ஹேரானின் தொடையை அழுத்தினார். "வாயத் திறக்காதே," என்று உதடு அசையாமல் சொன்னார். "ஆளும் வந்துட்டான், கையெழுத்தும் இருக்கு. சிரிச்சதோட முடிஞ்சுது."

சூயோன் அடுத்த பெயருக்குப் போயிருந்தார். பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி எழுந்து, காகிதத்தைப் பிரித்து, பேசத் தொடங்கியிருந்தாள். ஹேரான் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். மணி அடித்தது.

"மேடம், ஏழாவது வரி," என்றார் ஹேரான். "அந்தக் கையெழுத்து அவர் போட்டது இல்ல. அவர் இப்பத்தான் வந்தார்."

யாரும் சிரிக்கவில்லை.

"யார் போட்டது?"

"மையத்துக்கு நான் பொறுப்பு. என் பேரை எழுதிக்கோங்க."

"நான் போட்டேன்," என்றார் ஓக்பூன் உரக்க. "எழுதறதுன்னா என்னை எழுதுங்க. என் பேருல நாலு எழுத்துதான்."

சூயோன் தாளை மேசையில் வைத்து, அளவுகோலால் அந்த வரியின் மேல் இரண்டு கோடுகள் இழுத்தார். பக்கத்தில் 11:38 என்று எழுதினார். "வகுப்பு முடியறதுக்குள்ள சொன்னா அது திருத்தம். முடிஞ்சப்புறம்னா வேற. இங்க உங்க முத்திரையை வைங்க."

ஹேரான் பையிலிருந்து தன் பெயர் பொறித்த மர முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் தொட்டு அழுத்தினார். தொக்சூ புதிதாகக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரம் நனைந்தது.

"எட்டு நிமிஷம்தானே, மேடம்," என்றார் தொக்சூ. "வேகமா வந்திருப்பேன், கடல் போலீஸ் அபராதம் போடுவான்."

"பதினொன்றரைன்னா பதினொன்றரைதான் சார். எட்டு நிமிஷத்தை நான் எங்கிருந்து கொண்டுவர?" சூயோன் கைப்பேசியில் மறுபடி மணி வைத்தார். "உங்க ஐந்து நிமிஷம் இன்னும் இருக்கு. பேசுறீங்களா?"

தொக்சூ எழுந்தார். விடிகாலை நான்கு மணிக்கு, படகுகள் கிளம்பும் முன், ஒலிப்பதிவு அறையிலிருந்து கடல் நிலவரமும் ஊர்ச் செய்தியும் சொல்லும் வானொலி நிகழ்ச்சி பற்றிப் பேசினார். மணி அடித்தபோது இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சூயோன் நிறுத்தவில்லை.

ஒரு மணிக்குப் பேனரின் முன் பதினொரு பேரும் நின்றார்கள். கை முஷ்டியை உயர்த்தி, கொரியர்கள் உற்சாகமூட்டக் கூவும் "ஃபைட்டிங்!" என்ற சொல்லைக் கூவினார்கள். சூயோன் இரண்டு முறை படம் எடுத்தார், முதல் படத்தில் ஓக்பூன் கண்ணை மூடியிருந்ததால்.

மார்ச் 31 அன்று மாகாண இணையதளத்தில் இரண்டாம் ஆண்டு உதவி பெறும் பன்னிரண்டு மையங்களின் பட்டியல் வெளியானது. சோங்பா ஐஸ் ஆலை அதில் இல்லை. விண்ணப்பிக்கத் தடை விதிக்கப்பட்ட மையங்களின் பட்டியலிலும் இல்லை. மே 2 அன்று ஹேரான் ஆலையின் சாவியை நகராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கிக்கொண்டார்.