வாளிக்குள் ஒரு மலை

1.

இந்தக் கதை ஒரு மத்தாப்புப் பெட்டியின் லேபிளிலிருந்து பிறந்தது. அறுபதுகளில் திருத்தங்கலில் அச்சான லேபிள். எரிமலைப் படம் போட்ட பெட்டிகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் மலை புஸ்வாணம் மாதிரி கூம்பாக நிற்கும், உச்சியில் தீ பூக்கும். இதில் மட்டும் நடுக்கடலில் ஒரு நீளமான முகடு. அதன் நெடுக, கன்னங்கரேலென்று ஒரு கற்சுவர். தீ என்று ஒரு பொட்டுகூட இல்லை. பட்டாசு விற்பதற்கு நெருப்பே இல்லாத எரிமலையைப் போட்டது யார்? அந்தத் துணிச்சலுக்கு ஒரு கதையாவது எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், கடலடியில் பூமி வாய் பிளந்து, கொதிக்கும்..."

(வேண்டாம். அப்போது நான் அங்கே இல்லை. நீங்களும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "1962 மாசியில் சீனிவாசகம் தீவிலிருந்து விடுப்பில் வந்தான். கையில் ஒரு கருங்கல்."

இது தேறும். சீனிவாசகத்துக்குப் பாறைகளை ஆராயும் அரசாங்க வேலை. மனைவி சுப்புத்தாய் திருத்தங்கலில் தன் அப்பாவின் பட்டாசுக் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறாள். கல்யாணமான பிறகு சேர்ந்து இருந்த நாட்கள் கொஞ்சம்தான்.

(தீவின் பெயரைக் கேட்காதீர்கள். நான் போனதில்லை. என் பயணமெல்லாம் ஆடியில் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புவதோடு சரி.)

3.

சாப்பிட்டு முடித்ததும் சீனிவாசகம் கல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"அந்த முகடு எப்படி நிக்குதுன்னு தெரியுமா சுப்பு? கீழ இருந்து வந்த நெருப்புக் குழம்பு, வெளிய வராம வெடிப்புக்குள்ளயே நின்னுபோச்சு. அங்கனயே ஆறிக் கல்லாயிருச்சு. சுத்தி இருந்த சாம்பல மழை அரிச்சுட்டுப் போயிருச்சு. நின்னுபோன குழம்புதான் இப்ப சுவரா நின்னு மலையவே தாங்குது. இது அதுல தட்டி எடுத்தது."

அவள் வியந்துபோவாள் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் எழுத இருந்தேன்.

"மொதல்ல கீழ வைங்க" என்றாள் சுப்புத்தாய். அடுப்பங்கரையிலிருந்து இடுக்கியை எடுத்துவந்து கல்லைத் தூக்கி, வாசலில் இருந்த தண்ணீர் வாளிக்குள் போட்டாள்.

"வெடிக்காமப் போனத யாராச்சும் கையில தொடுவாகளா? சுத்தியலால வேற தட்டியிருக்கீக!"

"அது ஆறி லட்சம் வருசம் ஆச்சு."

"எங்கண்ணனும் ஆறிப்போச்சுன்னுதான் எடுத்தான்."

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவள் அண்ணன் சங்கையாவுக்கு வலது கையில் மிச்சம் இரண்டு விரல். பட்டாசு ஊரில் அணைந்த வெடியை யாரும் நம்புவதில்லை. தண்ணீரில் போட்ட பிறகுதான் அடுத்த பேச்சு.]

4.

பங்குனியில் அவன் திரும்பிப் போக வேண்டும். முகட்டின் மறுகோடியில் புதிதாகப் புகை வருகிறது. அதையும் மறைக்காமல் சொன்னான்.

"இந்தக் கல்லு வெறுங் கல்லுதானான்னு நான் பாக்கணும். அது வரைக்கும் நீங்க போகப்படாது" என்றாள் அவள்.

இந்த இடத்தில் எனக்கு சீனிவாசகத்தின் மேல் சந்தேகம் வந்தது. படித்தவன், ஒரு வாளிக்குக் கட்டுப்பட்டு நிற்பானா? நின்றான். அவள் தன்மேல் வைத்த பிரியம்தான் வாளிக்குள் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அதனாலேயே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கல் வாளியில் ஊறியது. வெயிலில் காய்ந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவளே அதை அடுப்புத் தணலில் புதைத்துத் தூரத்தில் நின்று பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஆறவிட்டு, முதன்முறையாகக் கையில் எடுத்தாள்.

"ஓரம் வழவழன்னு இருக்கு. நடுவுல நறுநறுன்னு இருக்கே?"

"ஓரம் பக்கத்துப் பாறை குளுந்து கெடந்ததால சட்டுன்னு இறுகிருச்சு. நடு மெதுவா ஆறுச்சு. அதான் மணி மணியா இருக்கு."

"எம்புட்டுப் பொறுமை!" அவள் கல்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் கீழே வைக்கவில்லை. கல்லை இப்படிப் பார்க்கிறவளை எழுதக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பிறகு சொன்னாள்: "இந்தக் கல்ல நம்புறேன். அந்த மலைய நான் தொட்டுப் பாக்கலையே."

5.

முடிவு ஒன்று: அவள் வழியனுப்பிவைக்கிறாள். பங்குனி கடைசியில் முகட்டின் மறுகோடி...

(எழுத மாட்டேன். இவளை அழவைக்க எனக்கு மனம் இல்லை.)

முடிவு இரண்டு: அவன் வேலையை விட்டுவிட்டுப் பட்டாசுக் கம்பெனியில் உட்கார்ந்து, சீசன், ஆர்டர், லோடு என்று...

(அந்த அற்புதமான சுவரை அப்புறம் யார் போய்ப் பார்ப்பது?)

லேபிளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். கீழ் மூலையில், தீவின் கரையில், சுத்தியலோடு ஓர் ஆள் நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் லேபிள் கிழிந்துவிட்டது. கிழிசலின் ஓரத்தில் இன்னொருவருடைய கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கையில் ஒரு வாளி.

கிழிந்துபோன ஆளை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.