தொட்டுத் திருத்திய கண்

குழந்தையின் இடது கண்ணில் விழுந்த வெள்ளைப் புள்ளிக்காக ஸ்டூடியோக்காரன் முதலில் ஃபிளாஷைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினான்.

தங்கையின் மகள் பிறந்ததிலிருந்து மாதந்தோறும் அவளைப் படமெடுப்பது அவன் வழக்கம். தங்கை வீட்டுக் கூடத்தில் வெளிச்சம் போதாது. கேமராவின் தலையில் எழுந்து நிற்கும் சிறு ஃபிளாஷே துணை. ஆட்டோஃபோகஸும் அடிக்கடி முரண்டு பிடிக்கும். லென்ஸ் முனகியபடி முன்னும் பின்னும் தேடும். அது நிலைகொள்வதற்குள் குழந்தை நகர்ந்திருப்பாள்.

"என்னண்ணா, ஊரையே படம் புடிக்கிறே, தங்கச்சி வீட்டுக்கு வந்தா மட்டும் தடுமாறுறே?"

"உன் பொண்ணு சும்மா உக்காந்தாத்தானே? அப்படியே நீதான்."

"வாய்?"

"அது இன்னும் வரல. வரட்டும், காதுல பஞ்சு வெச்சுக்குறேன்."

சிட்டு என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்தக் குழந்தை சிரித்தாள். ஃபிளாஷ் அடித்தது. திரையில் வலது கண் சிவப்பாகவும் இடது கண் வெள்ளையாகவும் தெரிந்தன. முந்தைய மாதங்களிலும் அப்படித்தான். அவனுக்கு அது பெரிய வேலையில்லை. ஃபிளாஷில் எவர் கண்ணிலும் விழும் சிவப்புதானே என்று வலது கண்ணின் சிவப்பைக் கறுப்பாக்கி, அதையே நகலெடுத்துத் திருப்பி, இடது கண்ணின்மேல் ஒட்டிவிடுவான். திருத்தியதைப் பழைய படத்தின்மேலேயே சேமிப்பான். குவியம் தப்பிய படங்களைத் தொடமாட்டான். கழித்தவற்றை அழிக்கவும் சோம்பல்.

இம்முறை கேமராவை ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனான். அவர் லென்ஸைக் கழற்றி, அது உடலோடு சேருமிடத்தில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்தார். பிறகு அவனையே எதிரே நிறுத்திப் படமெடுத்தார்.

"ஃபோகஸ் சரியாயிடுச்சு சார். இனி உங்க மூஞ்சிதான் பிரச்சினை."

"ஃபிளாஷ்?"

"ரெண்டு கண்ணும் சிவப்பாத்தான் வந்திருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல."

மறுநாள் மாலை தங்கை வீட்டில் மீண்டும் எடுத்தான். லென்ஸ் உடனே நிலைகொண்டது. இமைமயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. வெள்ளையும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அதே படத்தில் தங்கையின் இரு கண்களும் சிவப்பு. கேமராவைத் தலைகீழாகப் பிடித்தான். குழந்தையை மறுபக்கம் திருப்பி உட்காரவைத்தான். வெள்ளை இடது கண்ணை விட்டு நகரவில்லை. குற்றம் கேமராவில் இருந்திருந்தால் இடம் மாறியிருக்கும்.

கேமராவைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் இடது கண்ணை உள்ளங்கையால் மறைத்தான். அவள் பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தாள். வலது கண்ணை மறைத்தான். பொம்மையை நழுவவிட்டு, அவன் கையைப் பிடித்துத் தள்ளி, வீறிட்டு அழுதாள்.

"என்ன பண்றே நீ? புள்ளைய அழ வெச்சுக்கிட்டு!"

"கண் டாக்டர்கிட்ட போலாம்மா. இப்பவே."

"உன் கேமரா கெட்டா என் புள்ளைக்கு நோயா?"

அவன் மறுபடியும் மறைத்துக் காட்டினான். தங்கைக்கும் புரிந்தது; அவன் தந்த படங்களின் ஆல்பத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கண் மருத்துவமனையில் பெண் மருத்துவர், அவன் கேமராத் திரையில் காட்டிய படத்தை நெடுநேரம் பார்த்தார். "இதுக்கு முன்னாடி ஃபிளாஷ்ல எடுத்த படம் ஏதாவது இருக்கா? எப்பலேர்ந்து இப்படின்னு தெரியணும்."

தங்கை பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"பாருங்க டாக்டர், எல்லாத்துலயும் கண்ணு பளிச்சுன்னு இருக்கு! போன மாசம் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. இப்பத்தான் வந்திருக்கும், இல்லண்ணா?"

அந்த நம்பிக்கையைக் கலைக்க வேண்டியவன் அவன்தான்.

"அதெல்லாம் நான் ஒட்டின கண்ணும்மா."

ஆல்பம் அவள் மடியிலேயே திறந்து கிடந்தது. அவன் தன் பையிலிருந்த மடிக்கணினியை எடுத்துத் திறந்து, கழித்துப்போட்ட படங்களைத் தேடினான். முகம் கலங்கிய, விளிம்பு கரைந்த, எதற்கும் உதவாதவை என்று ஒதுக்கியவை. ஒன்றிலும் அவன் கை படவில்லை. மருத்துவர் ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளினார். மங்கலான முகங்களில் மங்கலான ஒரு வெள்ளை, பல்லில்லாத சிரிப்பு வரைக்கும், தலை நிற்காமல் தங்கையின் கையில் சாய்ந்திருந்த படம் வரைக்கும் கூடவே வந்தது.

"ரொம்ப நாளாவே இருந்திருக்கு," என்றார் மருத்துவர். "உள்ள என்ன இருக்குன்னு இன்னைக்கே பாத்துடணும். மருந்து விடணும், தலைய யாராவது அசையாமப் புடிச்சுக்கோங்க."

தங்கை குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

"நீயே புடிண்ணா. இவ கண்ணை உன்னளவுக்கு உத்துப் பாத்தவங்க யாரும் கிடையாது."

அது ஏச்சா, வேண்டுகோளா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் துணிவும் இல்லை. சிறிய தலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டான். மருந்து விட்டுச் சற்று நேரம் கழித்து, மருத்துவர் அறை விளக்கை அணைத்துவிட்டு, கையிலிருந்த கருவியின் ஒளியைக் குழந்தையின் கண்ணருகே கொண்டுவந்தார். கேமராவும் திரையும் இல்லாமல் அந்த வெள்ளையை அவன் முதன்முறையாகப் பார்த்தான்.