ஏழு மணிக்குப் போகும் லைன்

"அப்போ ரோடு தோண்டுறாங்கன்னு போன வாரம் சொன்னீங்களே?"

"ஆமா சார். இன்னும் மூடலை."

"தினமும் ஏழு மணிக்குச் சரியா தோண்ட ஆரம்பிச்சு, ஏழரைக்குச் சரியா நிறுத்திடுறாங்களா?"

ஸ்டெஃபி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். போனில் இருந்த சீனிவாசன் அவளுடைய மேலாளர். பட்டான்செருவில் இருக்கும் மருந்துத் தொழிற்சாலையில் பதிவேடுகளைச் சரிபார்க்கும் பிரிவு அவருடையது. கத்துகிறவர் அல்ல, அதுதான் கஷ்டம். அவர்தான் அவளுக்காகப் பேசி, மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை செய்து பார்க்கட்டும் என்று அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது.

"உங்க லைன் போற நேரமெல்லாம் சர்வர்ல பதிவாகுது ஸ்டெஃபி. இன்னிக்கு ஏழு மணிக்கு ஆடிட்காரங்க லைன்ல வருவாங்க. நீங்களும் இருக்கணும். இன்னொரு தடவை போச்சுன்னா என்னால பேச முடியாது. திங்கட்கிழமையிலேருந்து பட்டான்செருதான்."

"மொபைல் நெட்ல வரட்டுமா சார்?"

"உங்க வீட்டு லைன் ஒண்ணைத்தான் பதிஞ்சு வெச்சிருக்கு. வேற எதுல வந்தாலும் உள்ள விடாது. தெரிஞ்சதுதானே?"

தெரிந்ததுதான். போனை வைத்துவிட்டு மணியைப் பார்த்தாள். ஐந்தே முக்கால்.

செகந்திராபாத்திலிருந்து பட்டான்செருவுக்கு இரண்டு பஸ், அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை. நான்கு வருடம் ஆட்டோவின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்து பழகி, இப்போது வீட்டு நாற்காலியில்கூட அவள் பாதியில்தான் உட்காருகிறாள். யாரோ நெருக்கிக்கொண்டு ஏறப்போவதுபோல.

ரோட்டை யாரும் தோண்டவில்லை. ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா கிதியோன் ஹாலில் ஷோகேஸ் மேல் இருக்கும் நெட் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் பைபிளைத் திறப்பார். ஒருமுறை பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்கையில் தம்பி பிளஸ்ஸன் போனைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. அந்த ஒரு பெட்டியை நம்பி வீட்டில் நான்கு கம்ப்யூட்டர்கள். அவளுடைய ஆபீஸ் லேப்டாப், பிளஸ்ஸன் அமீர்பேட் கோச்சிங் வகுப்பு கேட்கும் லேப்டாப், அம்மா தையல் வீடியோ பார்க்கும் பழைய லேப்டாப், பென்ஷன்காரர் சங்கத்துக்கு அப்பா கடிதம் அடிக்கும் டெஸ்க்டாப். பகலெல்லாம் "யாருடா இழுக்கிறது?" என்று அறைக்கு அறை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மேலாளரிடம் ரோடு என்றாள். ஏழரை வரை இருக்கும் வேலை ஆறரைக்கே முடிந்துவிடும் என்று அப்பாவிடம் சொன்னாள். ஒரு பக்கமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு உட்கார்ந்து பேச வேண்டும், பேசத் தெம்பு வேண்டும்.

சமையலறைக்குப் போனாள். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு நெட்டை அணைக்க வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்றியா?"

"நான் சொன்னா தையல் வீடியோவுக்குன்னு நினைப்பார். போன மாசமே கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

பிளஸ்ஸன் காதிலிருந்து ஹெட்போனை எடுக்காமலே கையை ஆட்டினான். "நக்கோ அக்கா, நான் மாட்டேன். நான் கேட்டா கேம்னு சொல்வார். டெஸ்ட்டுன்னு ரெண்டு தடவை பொய் சொல்லி மாட்டியிருக்கேன். என் கணக்கு காலி. நீதான் நல்ல பொண்ணு, நீ கேளு."

கிதியோன் ஹாலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் கூட்ஸ் ரயில் கார்டாக இருந்தவர். இப்போதும் ஏழு என்றால் ஏழுதான்.

"வாம்மா. வேலை முடிஞ்சுதா?"

"இல்லப்பா... இன்னிக்குக் கொஞ்சம்..."

"இன்னிக்கு சங்கீதம் நீ வாசிக்கணும். ரிப்பன் வெச்சிருக்கேன் பாரு." பைபிளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "நீ பட்டான்செரு போயிட்டிருந்தப்ப ஜெபத்தை எத்தனை மணிக்கு வெச்சோம், ஞாபகம் இருக்கா?"

"பத்து மணிக்கு."

"நீ வர்ற வரைக்கும் யாரும் சாப்பிட மாட்டோம். பிளஸ்ஸன் தூங்கியே போயிடுவான். நீயும் செருப்பைக்கூடக் கழட்டாம வந்து உக்காந்து, பாதி ஜெபத்துல சாய்ஞ்சிடுவே." சிரித்தார். "சர்வீஸ்ல இருந்தப்ப எனக்குக் கொடுப்பினை இல்லை. நான் ஏதோ ஒரு யார்டுல நிப்பேன், நீங்க மூணு பேரும் இங்க. நீ வீட்டோட வேலை வாங்கிட்டு வந்த அன்னிக்குத்தான் ஏழு மணின்னு வெச்சேன்."

அவள் ரிப்பன் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். எழுத்துகள் ஓடின. இந்த லைன் போனால் இந்த ஏழு மணியும் போய்விடும் அப்பா என்று சொல்லத்தான் வந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, "தலைவலியா?" என்றார்.

"இல்லப்பா."

அறைக்குத் திரும்பிவிட்டாள்.

ஆறு ஐம்பதுக்கே லைனில் சேர்ந்தாள். திரையில் சீனிவாசன், முன்னதாகவே வந்துவிட்ட ஆடிட்காரர்கள் இரண்டு பேர். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். மேசையிலிருந்து பார்த்தால் ஷோகேஸும், அதன் மேல் பெட்டியின் சின்னப் பச்சை விளக்கும் தெரியும். ஜூன் மாதத்துப் பதிவேட்டைக் கேட்டார்கள். திறந்தாள். பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழாக வந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். பிளஸ்ஸன் லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டது.

"ஸ்டெஃபி," என்று அப்பா ஹாலிலிருந்து கூப்பிட்டார். "வாம்மா, ஏழாகுது."

"ஸ்டெஃபி," என்றார் காதுக்குள் சீனிவாசன். "பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போங்க. லைன் இருக்குல்ல?"

அப்பா எழுந்து ஷோகேஸ் பக்கம் போனார். தினமும் செய்வதுதான். அவசரமில்லாமல் கையை நீட்டினார். சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவள் வருகிறாளா என்று அறை வாசலைப் பார்த்தார். அவள் எழுந்திருக்காததைக் கண்டு புருவத்தை உயர்த்தினார்.

அவள் மைக்கை அணைத்தாள். நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா," என்றாள். "நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். அது என்னன்னு ஏழரைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் அந்தப் பச்சை விளக்கை எரிய விடுங்கப்பா."