ஜெய்னபின் புழுக்கள்

மகள் இறந்த நாற்பத்தைந்தாம் நாள், அவள் ஆராய்ச்சி செய்த குரோம்பேட்டைக் கல்லூரிக்கு சௌகத் அலி போனார். செம்பாக்கத்தில் ஸ்கிரீன் துணிக் கடை வைத்திருப்பவர். அவளுடைய ஆய்வகத்துக்குள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. “கண்ணுக்கே தெரியாத புழு எப்படி முட்டை போட்டா உனக்கென்ன? கல்யாணத்துக்கு ஒரு பதிலைச் சொல்லு” என்று மகள் ஜெய்னபோடு சண்டை போட்டுவிட்டுப் பத்து நாள் பேசாமல் இருந்தார். பதினோராம் நாள் அவளுக்கு டெங்கு.

கூட வேலை பார்த்த விஷ்ணுப்ரியா, ஜெய்னபின் நோட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் கிளம்பவில்லை.

“அந்தப் புழுவ நான் பாக்கலாமாம்மா?”

அவள் மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்தாள். நூல் பிசிறு போல ஒன்று நெளிந்தது. செரட்டோனின் என்ற நரம்பு ரசாயனம் கலந்த சொட்டு ஒன்றை விட்டாள். சற்று நேரத்தில் அது முட்டையிட்டது.

“முட்டை போட வைக்கிறது ஒரு நரம்பு செல், அங்கிள். அது செரட்டோனினை விடும். செரட்டோனின் இல்லாத புழுவும் முட்டை போடுதே, அப்போ துணைக்கு வேற ஒண்ணு இருக்கணும்னு ஜெய்னப் சொன்னா. நியூரோபெப்டைடுன்னு குட்டிப் புரதத் துண்டு. ரெண்டுமே இல்லாத புழுவ ரெண்டு வருஷமா அவதான் உருவாக்கினா.”

“இதுதான் அது” என்று அடுத்த தட்டை வைத்தாள். அந்தப் புழுவின் வயிறு முட்டைகளால் புடைத்திருந்தது. உள்ளேயே பொரித்த குஞ்சுகள் வெளியே வர வழியில்லாமல் அசைந்தன.

“தாய் என்னாகும்?”

“செத்துடும் அங்கிள்.”

வெகுநேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை.

“அப்போ எம் பொண்ணு சொன்னது சரிதானா?”

“சரிதான்.”

“அவளுக்குத் தெரியுமா?”

விஷ்ணுப்ரியா தயங்கினாள். “ரிசல்ட் வந்தப்போ ஆஸ்பத்திரில இருந்தா. வாட்ஸ்அப்ல அனுப்பினேன். போனும் பண்ணினேன், எடுக்கல. ரொம்ப முடியல போலன்னு விட்டுட்டேன்.”

அந்த நாள் சௌகத் அலிக்கு நினைவிருந்தது. அன்று மாலை ஜெய்னப் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். “அத்தா, லேப்லேருந்து ஏதாவது வந்துச்சா?” என்றுகூடக் கேட்டாள். மறுநாள் விடிவதற்குள் நினைவு தப்பிவிட்டது.

“போன் எங்கிட்டதான்மா இருந்துச்சு” என்றார். “மொதல்ல ஒடம்பத் தேத்துன்னு பிடுங்கி வச்சிக்கிட்டேன். அது அடிச்சுது. நான்தான் ஆஃப் பண்ணினேன்.”

விஷ்ணுப்ரியா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. மேசையைப் பிடித்தபடி, “என்ன அனுப்பின? படிச்சுக் காட்டும்மா” என்றார்.

பாதி படித்ததும் அவள் நிறுத்திவிட்டுத் தன் போனை நீட்டினாள். மீதியை அவரே வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார்.