தவிட்டுக்கு விற்ற தம்பி

வேலம்மா தன் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்கத் தயாராக இருந்தாள். இரத்தம் ஒத்துவந்தது. ஒத்துவராதது தம்பியின் பிறப்புப் பத்திரம் மட்டுந்தான். அதன்படி லெட்சுமணன் அவளுக்குத் தம்பியே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுக் காத்தாயியின் மகன்.

எல்லாம் தவிடு செய்த வேலை. மூன்று ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்த வேலம்மாவின் தாய், நாலாவதாகப் பிறந்தவன் எமன் கண்ணில் படாமலிருக்க, வழக்கப்படி ஒரு படி தவிட்டுக்குக் காத்தாயியிடம் விற்றாள். மூன்றாம் நாள் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் காத்தாயியின் புருஷன், எதையும் முறைப்படி செய்கிற மனுஷன், தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பிள்ளையைத் தன் பெயரில் பதிந்துவிட்டு வந்தான். பிள்ளை திரும்பி வந்தது, பதிவு திரும்பவில்லை. அப்போது எமன் ஏமாந்தான். முப்பத்தாறு வருஷங் கழித்து, 2006இல், ஆஸ்பத்திரிக் குழுவும் ஏமாந்தது.

"சொந்தமில்லாதவருக்கு ஏன் கொடுக்கிறீங்க? விலை பேசினீங்களா?" என்றார் பெரிய டாக்டர்.

"வித்தது நான் இல்லீங்க ஐயா, எங்கம்மா. அதுவும் இவனத்தான், தவிட்டுக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முழுக்கதையும் கேட்டுவிட்டு, தான் தாயில்லை என்று காத்தாயி சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும் என்றார்.

காத்தாயிக்கு வேறு பிள்ளை கிடையாது.

"பெத்தவ போய்ச் சேர்ந்துட்டா. இருக்கிற ஒருத்தியும் இல்லைன்னு கைநாட்டு வைக்கவா? ஏங் கிட்னிய எடுத்துக்கச் சொல்லுடி!"

"எழுவது வயசுல யாரு பெரியம்மா எடுப்பா?"

"வயசுதானே கூட? தாய்ன்னு ஒத்துக்குவாங்கல்ல?"

இரண்டு நாள் காத்தாயி கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வேலம்மா தம்பியையே ஓட்டோவில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினாள். காத்தாயி அவன் வீங்கிய காலில் விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, எழவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

யட்டவத்தை டவுனில் சத்தியக்கடதாசி எழுதிய சமாதான நீதவான் கேட்டார்: "இவர் உங்க மகன் இல்லைதானே?"

"இல்லீங்க." பெருவிரலை அழுத்தியவள் வேலம்மாவின் காதில் சொன்னாள்: "ஏங் காலத்துல நான் பண்ணுன மொத பொய்ச் சத்தியம் இது."

ஒப்பரேஷன் முடிந்த நாலாம் நாள் நர்ஸ் வேலம்மாவின் கட்டிலுக்கு வந்தார். "கேட்ல ஒரு வயசான அம்மா, ஒங்க தம்பியப் பார்க்க விடச்சொல்லி ஒரே சண்ட. தாயாம். ஃபைல்ல தாய் செத்துட்டதால்ல இருக்கு?"

வேலம்மா தையலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"ஃபைல நம்பாதீங்க மிஸ். உள்ள விடுங்க."