தையல் மெஷின் மூன்று நாள் நடந்து வந்தது

ஒரு வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு மூன்றாம் வீட்டு அலுமினியக் கெட்டில் தெருவைக் கடந்து வந்து வரைபடக்காரியின் வாசற்படியில் நின்றது. வழியில் ஒரு சைக்கிளுக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டதைப் பால் வாங்கப் போன இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். வரைபடக்காரி நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக மனைகளின் எல்லைகளை வரைகிறவள். அங்கே கோடு மயிரிழை நடுங்கினாலும் யாருக்காவது சுவர் இடிந்துவிடும். ஆகவே வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணிநேரம், கோடு தன் இஷ்டத்துக்கு நடுங்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்து படம் வரைவாள். கொடியில் காயும் சட்டை, பாதி அறுத்த எலுமிச்சை, கணவரின் செருப்பு என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வந்த கெட்டிலை என்ன ஏது என்று கேட்காமல் மேசைமேல் ஏற்றினாள். அதன் வயிற்றில் ஒரு நெளிவு. நெளிவுக்குள் அவள் வீட்டு ஜன்னல் வளைந்து, குட்டியாக, முழுசாக இருந்தது. பளபளக்கும் இடத்தில் எதையும் தீட்டாமல் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டால் வெளிச்சம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தாள். அந்தச் சந்தோஷத்தில் அலுவலக பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். படம் முடிந்தும் கெட்டில் கிளம்பவில்லை. வரத் தெரிந்ததே தவிர அதற்குத் திரும்பிப் போகத் தெரியவில்லை.

கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். எப்படியும் வீடு வீடாகப் போகிறவர் என்பதால் திருப்பிக் கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. அடுத்த வாரம் ஒரு ஒற்றைக் கையுறை வந்தது, பிறகு காம்பு உடைந்த கரண்டி, மருந்துக்கடைத் தராசு, யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாய் திறந்த வாரத்தில் உலைமூடி ஒன்றே உருண்டு வந்து படியில் சாய்ந்தது. முதலில் ஏசினவர்கள் நாளாவட்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஏன் ஒன்றும் வருவதில்லை என்று மீட்டர்காரரிடம் மனத்தாங்கல் பட ஆரம்பித்தார்கள். ஒரு வாத்தியார் தன் பூச்சாடியைத் தானே தூக்கி வந்து படியில் வைத்துவிட்டு ஓடிப்போனார். அதில் ஈர்ப்பு ஏதும் இல்லாததால் வரைபடக்காரி மரியாதையாகத் திருப்பி அனுப்பினாள். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

மனிதர்களை மட்டும் அவள் வரைவதே இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு அவளுடைய அப்பா படுக்கையில் கிடந்தபோது, ஒரு மத்தியானம், அக்கா அவர் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கையான வரைபடக்காரி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் மூச்சு நின்றதும் அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கையின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா உசுரு போகுது, நீ கோடு போட்டுட்டு இருக்க. உனக்கு அவரும் ஒரு ஜாடியும் ஒண்ணுதான்" என்றாள் அக்கா. அன்றோடு பேச்சு நின்றது. சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற பயத்தில் தங்கை அந்தத் தாளை அலமாரியின் அடித்தட்டில் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு ஒரு முகத்தையும் வரைய அவள் துணியவில்லை.

அக்கா ஊரின் மறுகோடியில், பாலத்துக்கு அப்பால், தையல் வேலை செய்து பிழைக்கிறவள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய தையல் மெஷின், இரும்புக் காலும் மிதிபலகையுமாக, வாசலைத் தாண்டி நடக்கத் தொடங்கியது. அவள் கயிறு போட்டுக் கதவில் கட்டினாள். அது கதவையும் கொஞ்சதூரம் இழுத்துப் போனது. எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? தங்கை வீட்டுக்கு ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. திரும்பி வா என்று மெஷினைக் கெஞ்சவும் மனம் வரவில்லை. அறுபது திரைச்சீலைகள் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்ததால், துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்றடி தள்ளிப் பின்னாலேயே நடந்தாள். மெஷின் இளைப்பாற நின்ற இடங்களில் உட்கார்ந்து தைத்தாள். பாலத்தின் நடுவில் மட்டும் நாலு திரைச்சீலை முடிந்தன. சாயங்காலம் அதற்கு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புவாள், காலையில் வந்து போர்வையை மடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அது வரைபடக்காரியின் படியை அடைந்தது. மீட்டர்காரரும் பக்கத்து வீட்டார் இருவரும் உள்ளே தூக்கி வைத்தார்கள்.

"சீக்கிரம் வரைஞ்சு முடி. எனக்கு வேலை கெடக்கு" என்றாள் அக்கா. பதினோரு வருடத்தில் அதுதான் முதல் வார்த்தை.

முடியவில்லை. வரைபடக்காரி அலுவலகத்துக்கு லீவு போட்டாள். சக்கரத்தை வரைந்தாள், தோல் வாரை வரைந்தாள், உள்ளங்கை பட்டுப் பட்டுப் பூச்சு தேய்ந்த இடத்தை வரைந்தாள். கறுப்பு என்று நினைத்தது பக்கத்தில் பார்த்தால் நீலமும் பழுப்புமாக இருந்தது. அந்தப் பழுப்பைக் கலந்து எடுத்தபோது அக்கா இருப்பதையும் மறந்து நாக்கைச் சப்புக்கொட்டினாள். ஆனால் ஒவ்வொரு தாள் முடிந்ததும் மீட்டர்காரர் தூக்கிப் பார்ப்பார். மெஷின் தரையோடு தரையாக ஒட்டி நிற்கும். ஐந்து பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. அக்கா ஒரு பக்கம் திரைச்சீலை தைப்பாள். தங்கை பென்சில் எடுக்கும்போதெல்லாம் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். மூன்று நாளும் சாப்பாடு, வேலை என்று எதுவானாலும் இருவரும் மீட்டர்காரர் வழியாகவே பேசிக்கொண்டார்கள். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நான்காம் நாள் காலை வரைபடக்காரி தாளை மாற்றினாள். "அக்கா, கையை எடுக்காதே. தைச்சுக்கிட்டே இரு" என்றாள்.

அக்கா துணியை ஊசிக்கடியில் தள்ளிவிட்டு, "கையை மட்டும்தான்" என்றாள்.

ஊசி ஏறிய பழைய தழும்பு, வளைந்த சுண்டுவிரல், துணியை அழுத்தும்போது வெளுக்கும் நகம். பென்சில் நடுங்கியது, நடுங்கிய கோடுகளை அவள் அழிக்கவில்லை. மதியத்துக்குள் படம் முடிந்தது. அக்கா எழுந்து வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி, அப்பாவை வரைந்த தாள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

தங்கை அலமாரியின் அடித்தட்டிலிருந்து அதை எடுத்து வந்தாள். அவளும் அதைத் திருப்பிப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் முகத்துக்கு ஏழெட்டுக் கோடுகள்தான் இருந்தன, அதுவும் அவசரத்தில் போட்டவை. அவர் நெற்றியில் ஈரத்துணியைப் பிடித்திருந்த கை மட்டும் கணுக்கணுவாக, நகம் நகமாக, துணியிலிருந்து சொட்டப்போகும் ஒரு துளியோடு முழுசாக இருந்தது.

"இது யார் கை?"

"உன் கைதான்."

"நீ அவரைத்தானே பார்த்துட்டு இருந்தே."

"அவரைப் பார்க்க முடியலைக்கா. அதான் உன் கையைப் பார்த்துட்டு இருந்தேன்."

அக்கா தாளை மேசைமேல் வைத்து, ஓரத்தில் சுருண்டிருந்ததைக் கையால் நீவிவிட்டாள். நீவியது போதாது என்பதுபோல் மறுபடி நீவினாள். பிறகு அழுதாள். அவள் அழுது முடியும்வரை தங்கை பென்சிலைத் தொடவில்லை. மீட்டர்காரர் உள்ளே வந்து வழக்கம்போல் மெஷினைத் தூக்கிப் பார்க்க, அது காலி டப்பா மாதிரி அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. மனுஷன் பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டார். தலையைத் தேய்த்தபடி, இனிமேலாவது ஆளுக்கு ஆள் நேராகப் பேசிக்கொள்ளுங்கள் என்று கரகரத்தார். மெஷினைக் கைவண்டியில் ஏற்றி அவரே பாலம் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அக்கா வீட்டு மீட்டரையும் அப்படியே குறித்துக்கொண்டு திரும்பினார்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, வரைபடக்காரி கதவைத் திறந்தபோது படியில் ஒரு வாளியும், அதற்குப் பின்னால் ஒரு குடையும், குடைக்குப் பின்னால் அக்காவும் நின்றார்கள். அக்காவின் கையில் எதுவும் இல்லை. தலையைப் படிய வாரியிருந்தாள். உள்ளே வா என்று தங்கை கூப்பிட்டதற்கு, "முன்னாடி வந்தது முன்னாடி போகட்டும்" என்றாள். தங்கை வாளியை உள்ளே எடுத்துப் போனாள். குடை ஒரு படி மேலே ஏறியது, அக்காவும் ஏறினாள்.